பாரோ-இன்-ஃபர்னஸ் நகரச் சின்னம்: தேனீ, அம்பு, பாம்பு, மான், ஆட்டுத்தலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், ஐரிஷ் கடலுக்குள் நீண்டிருக்கும் ஃபர்னஸ் தீபகற்பத்தின் நுனியில் இருக்கிறது பாரோ-இன்-ஃபர்னஸ். பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டும் ஊர் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். 1867-இல் நகராட்சி ஆனது, 2023 ஏப்ரல் 1 அன்று அந்த நகராட்சி கலைக்கப்பட்டது. அது விட்டுச்சென்ற சின்னத்தைப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், கேட்க வேண்டும் என்று நான் நினைக்கும் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சின்னத்தில் என்னென்ன இருக்கின்றன?

நடுவில் ஒரு கேடயம். அதன் குறுக்கே, நாம் பார்க்கும்போது இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஓர் அகலமான பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையில் ஓர் அம்பு மேல்நோக்கிப் பாய்கிறது, அதன் முனைக்கு எதிரே ஒரு தேனீ பறக்கிறது. பட்டைக்கு மேலே முடிச்சுப் போட்டதுபோல் சுருண்ட பாம்பு, கீழே ஒரு காலைத் தூக்கி நடக்கும் மான். கேடயத்தின் தலைப்பகுதியில் தனியாக ஒரு பட்டி இருக்கிறது, அதில் கடல் அலைகள் மேல் ஒரு துடுப்புச் சக்கரக் கப்பல், புகையும் விட்டுக்கொண்டு பாயும் விரித்துக்கொண்டு போகிறது. கேடயத்துக்கு மேலே தலைச்சின்னமாக ஒரு செம்மறிக் கடாவின் தலை. அடியில் 'செம்பர் சுர்சும்' என்ற லத்தீன் வாசகம்.

முதல் பார்வைக்கு யாரோ விலங்குக் காட்சிசாலையையும் துறைமுகத்தையும் ஒன்றாகக் கலக்கிவிட்டது போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு, பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஆளின் முகவரி.

தேனீயும் அம்பும் எதற்கு? உழைப்பு, வேகம் என்றெல்லாம் சொல்கிறார்களே?

தேனீ என்றாலே உழைப்பு என்று சொல்லிவிடுவது பிரிட்டிஷ் தொழில் நகரங்களில் வழக்கம்தான். மான்செஸ்டர் நகரச் சின்னத்தின் உச்சியில் உலக உருண்டை மேல் தேனீக்கள் மொய்ப்பது அந்தப் பொருளில்தான். பாரோவிலும் அந்தப் பொருளைச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இங்கே தேனீ வந்து உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதைவிட எளிமையான ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் தேனீயின் பெயரும் 'பி' என்ற எழுத்தும் ஒரே ஒலி. அம்பு என்றால் 'ஆரோ'. பி-யையும் ஆரோவையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பாரோ வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் ஐரோப்பியச் சின்னக் கலையில் இது மிகப் பழைய, மரியாதையான வழக்கம். பேசும் சின்னங்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் இவற்றை அழைப்பார்கள். ஸ்பெயினின் காஸ்டில் அரசுக்குக் கோட்டை, லியோனுக்குச் சிங்கம், ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆற்றைக் கடக்கும் எருது, எல்லாம் இந்த வகைதான். எழுத்தறிவு குறைவாக இருந்த காலத்தில், படத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிட முடிவது பெரிய வசதி. 1867-இல் அந்தத் தேவை பெரிதாக இல்லை, வழக்கம் மட்டும் விடவில்லை.

அப்படியானால் பாரோ என்ற பெயருக்கும் அம்புக்கும் சம்பந்தமே இல்லையா?

இல்லை. பழைய ஆவணங்களில் 'பாரை' என்ற வடிவத்தில் ஒரு தீவின் பெயராக இது வருகிறது. அதேபோல ஃபர்னஸ் என்பதும் இரும்பு உருக்கும் உலையைக் குறிக்காது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். இரும்பு உலைகள் வருவதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே அங்கே ஃபர்னஸ் என்ற பெயரில் மடாலயம் இருந்தது.

பாம்பு யாருடையது?

டெவன்ஷயர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பத்துடையது. அவர்களுடைய தலைச்சின்னமே முடிச்சிட்ட பாம்புதான். பாரோவின் கதையில் வரும் ஆள் ஏழாவது டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ் (1808–1891). பாரோவுக்குப் பக்கத்தில் ஹோல்கர் ஹாலில் அவருக்கு மாளிகை, கிர்க்பியில் கற்பலகைச் சுரங்கங்கள். அந்தக் கற்பலகையையும் இரும்புத் தாதுவையும் கடற்கரைக்குக் கொண்டுவர 1846-இல் ஃபர்னஸ் ரயில்வே திறக்கப்பட்டபோது அதன் பின்னால் நின்ற பெரும் பணங்களில் ஒன்று அவருடையது. பிறகு ரயில்வேக்குத் தலைவர், எஃகு ஆலையில் பங்கு, கப்பல் கட்டும் நிறுவனத்தில் பங்கு என்று ஊரில் அவர் கைபடாத தொழில் குறைவு. அதில் நிறைய நஷ்டமும் பட்டார், குறிப்பாகக் கப்பல் தளம் அவருடைய பணத்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கியது.

பாரோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் இவரைத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வகம், எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட அதே இடம், இவர் கொடுத்த பணத்தில் கட்டியது. நம் ஊர் சந்தைக்கு வரும் கேவண்டிஷ் வாழைக்கும் இதே குடும்பம்தான் காரணம், ஆனால் அது இவருக்கு முந்தைய ஆறாவது பிரபுவின் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தது.

இன்னொன்று. இந்தக் குடும்பத்தின் வாசகம் 'கேவண்டோ டூடஸ்', எச்சரிக்கையாய் இருப்பவன் பத்திரமாய் இருப்பான் என்று பொருள். கேவண்டிஷ், கேவண்டோ. ஆமாம், இவர்களும் சிலேடைக்காரர்கள்தான். எச்சரிக்கையைக் குலவாசகமாக வைத்திருந்தவர் பாரோவில் இப்படிப் பணத்தைக் கொட்டினாரே என்று எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

மான்?

மான் பக்ளூ பிரபுவின் சார்பில் நிற்கிறது. ஐந்தாவது பக்ளூ பிரபு வால்டர் ஸ்காட் (1806–1884) ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவர். மடாலயம் கலைக்கப்பட்ட பிறகு பல கை மாறிய ஃபர்னஸ் நில உரிமையில் பெரும் பங்கு அந்தக் குடும்பத்திடம் வந்து சேர்ந்திருந்தது. தாது அவருடைய நிலத்துக்கு அடியிலும் கிடந்ததால், தோண்டி எடுக்கப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் அவருக்கு உரிமைத்தொகை போனது.

மான் எப்படி இவர்களிடம் வந்தது என்பதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு, கதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து அரசர் ஒருவர் வேட்டையாடும்போது ஆழமான ஓடைப் பள்ளத்தில் ஒரு கலைமான் மாட்டிக்கொண்டு நாய்களை எதிர்த்து நின்றதாம், ஸ்காட் என்ற இளைஞன் அதன் கொம்பைப் பிடித்து மடக்கித் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி அரசர் முன் போட்டானாம். ஆண் மானுக்கு 'பக்', பள்ளத்துக்கு அந்த ஊர் வழக்கில் 'க்ளூ'. பக்ளூ என்ற பட்டம் அப்படி வந்ததாகச் சொல்கிறார்கள். இதுவும் சிலேடை என்பதைக் கவனித்தீர்களா?

டெவன்ஷயர் குடும்பக் கேடயத்திலும் மான் தலைகள் உண்டு என்பதால் சிலர் குழம்பிப்போய் மானையும் பாம்பையும் ஒரே குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கேவண்டிஷ் மான்கள் நேராக நம்மைப் பார்க்கும் வெறும் தலைகள். இங்கே இருப்பது நடக்கும் முழு மான், அது ஸ்காட்டுகளுடையது.

ஆட்டுத்தலை?

மறுபடியும் சிலேடை. செம்மறிக் கடாவுக்கு ஆங்கிலத்தில் 'ராம்' (நம் ராமருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்). ஊரின் முதல் மேயர் பெயர் ஜேம்ஸ் ராம்ஸ்டன். அவருக்காகத்தான் கடாத்தலை.

இந்த மனிதர் (1822–1896) இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில் ஃபர்னஸ் ரயில்வேயின் எஞ்சின் கண்காணிப்பாளராக இங்கே வந்தார். வந்தபோது பாரோ என்பது நூற்றைம்பது பேர் அளவில் வாழ்ந்த ஒரு கடலோரக் குக்கிராமம். பிறகு ரயில்வேயின் மேலாளர், நிர்வாக இயக்குநர், எஃகு ஆலையிலும் கப்பல்துறைகளிலும் பொறுப்பு என்று வளர்ந்தார், அகலமான நேர் தெருக்களோடு ஊரின் வரைபடத்தையே போட்டார், நகராட்சி வந்ததும் 1867 முதல் 1872 வரை ஐந்து முறை தொடர்ச்சியாக மேயராக இருந்தார். 1872-இல் அவருக்கு உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்தார்கள், சர் பட்டமும் அதே ஆண்டில் வந்தது. சிலை இன்றும் ராம்ஸ்டன் சதுக்கத்தில் நிற்கிறது.

உயிரோடு இருந்தபோது சிலை வைப்பது நமக்கு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நகரச் சின்னத்தின் உச்சியில், இரண்டு பிரபுக்களின் பாம்புக்கும் மானுக்கும் மேலே, பதவியில் இருக்கும் மேயரின் பெயர்ச் சிலேடை ஏறி உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். சின்னத்துக்கு விண்ணப்பித்த நகராட்சிக்கே அவர்தான் தலைவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் எதற்கென்று தெரியும், கப்பல் கட்டும் தளம்தானே?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தேதியைப் பார்த்தால் இடிக்கும். சின்னம் 1867-இல் வந்தது. இன்றைய நீர்மூழ்கித் தளத்துக்கு மூதாதையான பாரோ கப்பல் கட்டும் நிறுவனம் 1871-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஆஷ்பர்னர் குடும்பம் போன்றவர்கள் சின்ன மரப் பாய்க்கப்பல்கள் கட்டினார்கள், ஆனால் அதைக் கொண்டாட நீராவிக் கப்பலை வரைந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கப்பல் குறிப்பது துறைமுகத்தை. 1867 பாரோவின் வாழ்க்கையில் எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த வருஷம்: நகராட்சிச் சாசனம், சின்னம், அப்புறம் செப்டம்பரில் டெவன்ஷயர் டாக் என்ற கப்பல்துறைத் திறப்பு. பிற்பாடு பிரதமரான கிளாட்ஸ்டன் அந்த விழாவுக்கு வந்திருந்தார். அடுத்தடுத்து கட்டிய துறைகளுக்கு பக்ளூ டாக், ராம்ஸ்டன் டாக் என்று பெயர் வைத்தார்கள். பாம்பு, மான், கடா என்ற அதே மூன்று பேர் தண்ணீரிலும் வரிசையாக நிற்கிறார்கள். ஐரிஷ் கடலைத் தாண்டி பெல்ஃபாஸ்டுக்கும், மோர்கம் வளைகுடாவைக் கடந்து தெற்கேயும் ஓடிய நீராவிக் கப்பல்கள் துடுப்புச் சக்கரம் பூட்டியவை. பாயும் புகையும் ஒன்றாக வரைந்திருப்பது ஓவியரின் கற்பனை கிடையாது, அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் எஞ்சினை மட்டும் நம்பாமல் பாயும் வைத்திருந்தன.

ஊரை உருவாக்கியதே இரும்புதான். சின்னத்தில் சுரங்கமோ உலையோ ரயிலோ ஏன் இல்லை?

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே நல்ல கேள்வி இதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் பிறந்த ஹென்றி ஷ்னைடர் என்ற வணிகர் ஃபர்னஸில் பல ஆண்டுகள் தாது தேடி அலைந்து, பணம் தீர்ந்துபோகும் நிலையில் 1850-இல் பார்க் என்ற இடத்தில் ஹேமடைட் தாதுவின் பெரும் படிவத்தைக் கண்டுபிடித்தார். சிவப்பான, இரும்புச்சத்து மிகுந்த, பாஸ்பரஸ் மிகக் குறைந்த தாது. இந்தப் பாஸ்பரஸ் விஷயம் முக்கியம். 1856-இல் ஹென்றி பெஸ்ஸிமர் எஃகு தயாரிக்கும் புது முறையை அறிவித்தபோது, பாஸ்பரஸ் கலந்த இரும்பை அதில் போட்டால் எஃகு உடைந்து நொறுங்கியது. பிரிட்டனில் பெரும்பாலான தாது அந்த வகை. ஃபர்னஸ் தாது அந்த முறைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்துவிட்டது. 1859-இல் ஷ்னைடர் தன் கூட்டாளியோடு ஹிண்ட்பூலில் ஊதுலைகளைத் தொடங்கினார், 1860-களில் எஃகு ஆலை வந்தது, சில ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய பெஸ்ஸிமர் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1881-இல் ஊரின் மக்கள்தொகை சுமார் 47,000. நூற்றைம்பது பேர் இருந்த இடத்தில், ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்.

இவ்வளவும் சின்னத்தில் ஒரு துளி இல்லை. ஷ்னைடரும் இல்லை. அவர் பின்னால் மேயராகவும் இருந்தார், அவருக்கும் சிலை உண்டு, சதுக்கம் உண்டு, ஆனால் கேடயத்தில் இடம் இல்லை. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள், அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஸ்டாஃபர்ட்ஷயரிலிருந்தும் வந்த உலைத் தொழிலாளிகள் ஆகியோருக்கு அந்தத் தேனீயைத் தவிர எதுவும் இல்லை, தேனீயும் பெயருக்காக வந்ததுதான்.

மற்ற ஊர்ச் சின்னங்களில் புனிதர், அரசர், கோட்டை, பழைய போர் என்று ஏதாவது இருக்கும். பாரோவின் சின்னத்தில் இருப்பது ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு. ரயில்வேயை வைத்திருந்தவர்களும் துறைமுகத்தை வைத்திருந்தவர்களும் நகராட்சியை அமைத்தவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள், அவர்கள் தங்களையே வரைந்துகொண்டார்கள். மூன்று பேரும் தங்கள் தொழிலைக் காட்டாமல் பெயரைக் காட்டினார்கள் என்பதுதான் இதில் ருசியான பகுதி. ரயில் எஞ்சினை வரைந்திருந்தால் அது ஃபர்னஸ் ரயில்வே முழுவதற்கும் சொந்தம், கடாத்தலை ராம்ஸ்டனுக்கு மட்டுமே சொந்தம்.

எஞ்சின் பார்க்க ஆசைப்படுபவர்கள் யார்க்கில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1846-இல் கட்டிய ஃபர்னஸ் ரயில்வேயின் மூன்றாம் எண் எஞ்சின், 'காப்பர்நாப்' என்று செல்லப் பெயர், அங்கே இருக்கிறது. பல காலம் பாரோ ரயில் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றது. 1941 குண்டுவீச்சில் பட்ட துளைகளை இன்னும் அதன் உடம்பில் பார்க்கலாம்.

ஃபர்னஸ் மடாலயத்தையாவது சேர்த்திருக்கலாமே?

சேர்த்திருக்கலாம். 1127-இல் அங்கே நிலைபெற்ற ஃபர்னஸ் மடாலயம், 1537-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மூடியபோது இங்கிலாந்தின் சிஸ்டர்சியன் மடாலயங்களில் செல்வத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தது. சிவப்பு மணற்கல் இடிபாடுகள் ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளன. துறவிகள் தாதுவும் எடுத்தார்கள், ஊருக்கு அருகே கடலில் இருக்கும் பீல் தீவில் கோட்டையும் கட்டினார்கள். 1487-இல் அரியணைக்கு உரிமை கோரிய லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனோடு ஒரு படை வந்து இறங்கியது அந்தத் தீவில்தான். சின்னம் வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வேறு எந்த ஊராக இருந்தாலும் இதைக் கேடயத்தின் நடுவில் வைத்திருக்கும். பாரோவின் முதலாளிகளுக்குத் தங்கள் ஊர் 1846-இல் ரயிலோடு பிறந்தது என்ற எண்ணம் உறுதியாக இருந்தது போலும்.

பீல் தீவும் கோட்டையும் 1920-இல் ஊருக்கே வந்து சேர்ந்தன, முதல் உலகப் போர் நினைவாகக் கொடுத்தவர் அன்றைய பக்ளூ பிரபு. மான் அந்த விஷயத்தில் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டது.

'செம்பர் சுர்சும்' என்றால்?

'எப்போதும் மேல்நோக்கி'. அம்பு மேலே பாய்வதோடு ஒத்துப்போகிறது. அதற்கு மேல் தோண்ட ஒன்றுமில்லை.

சின்னத்தை யார் கொடுப்பார்கள்? ஊரே வரைந்துகொள்ள முடியாதா?

இங்கிலாந்தில் முடியாது. 1484-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பு லண்டனில் இருக்கிறது, பெயரில் காலேஜ் இருந்தாலும் பாடம் எதுவும் நடக்காது. அரசரின் பெயரால் சின்னம் வழங்கும் அதிகாரம் அங்கிருக்கும் 'கிங்ஸ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற அதிகாரிகளிடம் உள்ளது. விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, வடிவம் பேசி முடித்தால் தோல்தாளில் எழுதிய சாசனம் கிடைக்கும். ட்ரென்ட் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஊர்கள் 'நாராய்' என்ற அதிகாரியின் எல்லைக்குள் வரும், பாரோவும் அதில் அடக்கம்.

இணையத்தில் பார்க்கும் படங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கின்றனவே, எது சரியானது?

எல்லாம் சரியாக இருக்கலாம். சட்டப்படி சின்னம் என்பது படமே இல்லை, அதை வர்ணிக்கும் வாசகம்தான் சின்னம். இந்த நிறப் பின்னணி, இந்த இடத்தில் முடிச்சிட்ட பாம்பு, இந்த இடத்தில் நடக்கும் மான் என்று பாதி பிரெஞ்சு கலந்த பழைய ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த வாசகத்துக்குப் பொருந்தும்படி எந்த ஓவியரும் தன் பாணியில் வரையலாம். பாம்பு ஒல்லியாக இருக்கிறதா குண்டாக இருக்கிறதா, கப்பலில் எத்தனை பாய் என்பதெல்லாம் அவர் இஷ்டம். மான் நடக்காமல் படுத்திருந்தால் மட்டும் தப்பு.

இன்னொரு குழப்பமும் இங்கே வரும்: சின்ன வர்ணனையில் வலது என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது, அதாவது பார்க்கும் நமக்கு இடது. பழைய புத்தக வர்ணனையைப் படித்துவிட்டுப் படம் தலைகீழ் என்று சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தவறவிட்டிருப்பார்கள்.

நகராட்சி ஏன் 'முன்னாள்' ஆனது?

இரண்டு தவணையில் நடந்தது. 1889 முதல் பாரோ 'கவுன்டி பரோ', அதாவது லங்காஷயர் மாவட்டத்துக்குள் இருந்தாலும் மாவட்ட மன்றத்துக்குக் கீழ்ப்படாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நகராட்சி. 1974 மறுசீரமைப்பில் அந்தத் தனி உரிமை போனது. பக்கத்து டால்டனையும் சேர்த்து, புதிதாக உருவான கம்ப்ரியா மாவட்டத்துக்குள் ஒரு சாதாரண பரோ ஆக்கினார்கள். லங்காஷயர்க்காரர்கள் ஒரே இரவில் கம்ப்ரியர்கள் ஆனதை வயதானவர்களில் சிலர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தேனீயும் அம்பும் அந்த மாற்றத்தைத் தாண்டி வந்துவிட்டன.

2023-இல் கம்ப்ரியா மாவட்ட மன்றத்தையே கலைத்தார்கள். பாரோ, சவுத் லேக்லேண்ட், ஈடன் மூன்றையும் இணைத்து 'வெஸ்ட்மார்லண்ட் அண்ட் ஃபர்னஸ்' என்ற ஒரே மன்றம் வந்தது. ஏரிகளும் மலைகளும் நிறைந்த சுற்றுலாப் பிரதேசமும், நீர்மூழ்கி கட்டும் தொழில் நகரமும் ஒரே நிர்வாகத்தில். இந்தக் கல்யாணம் எப்படிப் போகும் என்று இப்போதே சொல்ல முடியாது.

இந்த ஊருக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னத்தோடு நேரடியாக இல்லை, ஊரோடு உண்டு. நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விராட் பாரோவில் கட்டியது. 1944-இல் வேலை தொடங்கி, போர் முடிந்ததும் இழுத்தடித்து, 1953-இல் நீரில் இறக்கி, 1959-இல் 'ஹெர்மஸ்' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1987-இல் இந்தியாவுக்கு வந்து 2017 வரை பணியாற்றியது. 1870 வாக்கில் பாரோவில் ஒரு பெரிய சணல் ஆலையும் இருந்தது, வங்காளச் சணலை நெய்தார்கள், வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களுக்கு இரும்பு, பெண்களுக்கு வேலையே இல்லை என்ற நிலையைச் சமாளிக்க அது வந்தது. கொழும்பு வழியாக ஆஸ்திரேலியா போய்வந்த ஓரியன்ட் லைன் பயணிகள் கப்பல்களில் ஓரியன் உட்படப் பல பாரோவில் பிறந்தவைதான், கொழும்புத் துறைமுகத்தில் அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு.

சின்னத்தை டி-ஷர்ட்டில் அச்சிடலாமா? நகராட்சிதான் இல்லையே.

ஊர் மக்கள் தேனீயையும் அம்பையும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள், பாரோ கால்பந்து அணியின் பேட்ஜில்கூட இரண்டும் நீர்மூழ்கியோடு சேர்ந்து இடம்பெற்றிருந்தன. அந்த இரண்டையும் உங்கள் பாணியில் வரைந்து போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. முழுச் சின்னத்தையும் அப்படியே அச்சிடுவது வேறு. சின்னம் ஊருக்குச் சொந்தமில்லை, சாசனத்தில் பெயர் எழுதப்பட்ட அமைப்புக்குச் சொந்தம். அந்த அமைப்பு கலைந்தால் அடுத்து வரும் மன்றத்துக்குத் தானாகப் போய்ச் சேராது, அரசாணை மூலம் மாற்ற வேண்டும். அதனால் 'சொந்தக்காரர் இல்லாத சொத்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று நினைக்க வேண்டாம்.

யாராவது வழக்குப் போடுவார்களா என்றால், இங்கிலாந்தில் இதற்கென்றே 'கோர்ட் ஆஃப் ஷிவல்ரி' என்ற நீதிமன்றம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்து 1954-இல் ஒரே ஒரு முறை கூடியது. மான்செஸ்டர் மாநகராட்சி தன் சின்னத்தை ஒரு நாடக அரங்கம் மேடைத் திரைக்கு மேலும் தன் முத்திரையிலும் அனுமதியில்லாமல் போட்டுக்கொண்டது என்று புகார் கொடுத்தது, விக் வைத்த நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள், மாநகராட்சி ஜெயித்தது. அதன்பிறகு அந்த நீதிமன்றம் கூடவில்லை. டி-ஷர்ட் விற்பதற்கு முன்பு ஒருமுறை காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்குக் கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள், பதில் எழுதுவார்கள்.